சமூக ஊடகத்தில் கடைக்கு என்ன வேலை? – வணிகர் கேள்வி பதில்

தொழில் நடத்துவோர் சமூக ஊடகங்களில் இயங்குவது பற்றியும், தம் நிறுவனத்துக்கென ஒரு நற்பெயரை அங்கே வளர்த்துக்கொள்வது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், தொழிலும் ஊரும் மட்டும் குறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலை மிட்டாய் தயாரிக்கிறது. இதுவரை சரக்கு தேங்கியதில்லை. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க வேண்டும், ஆள் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று மகன் வற்புறுத்துகிறான். சரக்கு தரமாக இருந்தால் போதாதா?
– கடலை மிட்டாய் உற்பத்தியாளர், கோவில்பட்டி

உங்கள் மிட்டாயை ஒருமுறை வாங்கித் தின்றவரைத் திரும்ப வரவழைக்கத் தரம் போதும். இன்னும் தின்று பார்க்காதவர் யாரிடம் வாங்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறார் என்பதுதான் உங்கள் மகனின் கவலை. முன்பு அவர் உங்கள் ஊர்ப் பக்கம் போய்வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பினார். அல்லது பேருந்து நிலையத்தில் இறங்கி, எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே வாங்கினார். இப்போது பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடியே கைபேசியில் ஊர்ப் பெயரையும் பண்டத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டித் தேடுகிறார். அந்தத் தேடலில் உங்கள் கடை வரவில்லையென்றால், உங்கள் ஊரில் மொத்தமாக வாங்கி உறையை மாற்றி விற்பவர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அது அந்தப் பகுதி உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொதுவான உரிமை. அதைச் சட்டப்படி பயன்படுத்த ஒவ்வோர் உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதை நீங்கள் செய்து முடித்திருந்தாலும், ஊர்ப் பெயர் வாடிக்கையாளரை ஊர் எல்லை வரைதான் கொண்டுவந்து விடும். அங்கிருந்து உங்கள் கடை வாசலுக்கு அழைத்து வர வேண்டியது உங்கள் சொந்தப் பெயர். அந்தப் பெயர் உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே, வெளியூரில் யாருக்கும் தெரியாது என்பதை நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

ஆள் வைத்துப் படம் எடுப்பது இப்போதைக்கு அவசியமில்லை. கரிசல் மண்ணில் விளைந்த கடலையை வறுத்துத் தோல் நீக்குவதையும், வெல்லப்பாகின் பதம் பார்ப்பதையும், சூடு ஆறுவதற்குள் மேசையில் பரப்பி உருட்டித் தேய்த்து வெட்டுவதையும் உங்கள் மகனே கைபேசியில் பதிவு செய்து போடட்டும். இந்த வேலையை நாள்தோறும் பார்க்கும் உங்களுக்கு அதில் புதுமை தெரியாது. வாங்குபவருக்கு அதுதான் நம்பிக்கைக்குச் சான்று. கூடவே எடை, விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த ஊர்களுக்கு அனுப்புகிறீர்கள், கூரியர் செலவு எவ்வளவு ஆகிய விவரங்களையும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த 14 இலக்க எண்ணையும் எளிதில் கண்ணில் படும்படி வையுங்கள். தொலைபேசியில் அன்றாடம் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் எவையோ, அவற்றுக்கான பதில்களே உங்கள் பக்கத்தின் முதல் உள்ளடக்கம்.

பிராண்ட் பிம்பம் என்று ஆலோசகர்கள் பெரிதாகச் சொல்வது பெரும்பாலும் ஒரு விடாப்பிடித்தனம்தான். அமுல் வெண்ணெயின் புள்ளிச் சட்டைச் சிறுமி 1966 முதல் சாலையோரப் பதாகைகளில் அன்றாடச் செய்திகளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். சமூக ஊடகங்கள் வந்தபோது அந்த நிறுவனம் புதிய முகம் தேடவில்லை. அதே சிறுமியை, அதே ஓவியப் பாணியைத் திரைக்கு மாற்றிக்கொண்டது. நம் ஊர்க் கடைகளில் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துக்கூட்டல், பில் புத்தகத்தில் இன்னொன்று, வாட்ஸ்அப்பில் உரிமையாளரின் பேரப்பிள்ளை படம் என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. முதலில் இவற்றை ஒன்றாக்குங்கள். அதற்குக் காசு செலவில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். உங்கள் உற்பத்தி முழுவதையும் நாலைந்து மொத்த வியாபாரிகளே எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் பெருக்கும் எண்ணமும் இல்லை என்றால், இன்ஸ்டாகிராம் இல்லாமலே தொழில் நடக்கும். எல்லா நிறுவனமும் எல்லாத் தளத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்பது ஆலோசனை விற்பவர்கள் பரப்பும் கதை. ஆனால் அந்த நாலைந்து பேரில் இருவர் கொள்முதலை நிறுத்திவிட்டால் உங்கள் பெயரைத் தேடி வரப் புதிதாக ஒருவரும் இருக்க மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: டிக்டாக்கில் எங்கள் கடைக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஒரே இரவில் எல்லாம் போனது. மறுபடியும் இன்னொரு தளத்தில் உழைத்து, அதுவும் போய்விட்டால் என்ன செய்வது?
– ஆயத்த ஆடைக் கடை உரிமையாளர், ஈரோடு

உங்கள் தயக்கம் நியாயமானது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த சிறு வணிகர்கள் பலர் தம் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளும் ஒரே வழியை இழந்தார்கள். தடை வந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் மற்றும் குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்த பிறகு, வணிகப் பக்கங்களின் பதிவுகள் காசு செலவழிக்காமல் சென்றடைந்த தூரம் குறைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. எந்தத் தளமும் வாடகைக் கடைதான். கட்டட உரிமையாளர் வாடகையை உயர்த்தலாம், வாசலை அடைக்கலாம், இடத்தையே காலி செய்யச் சொல்லலாம். அதற்காகக் கடைத்தெருவில் கடை போடாமல் இருந்துவிட முடியாது. கல்லாப்பெட்டியையும் வாடிக்கையாளர் கணக்கையும் நம் கையில் வைத்துக்கொண்டுதான் அங்கே உட்கார வேண்டும்.

ஆகவே, வாங்குபவரின் இசைவு பெற்று அவருடைய தொலைபேசி எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கத்தை முதலில் தொடங்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் சரக்குப் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் அதன் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்க முடியும் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பில் போடும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லும் கடைக்காரருக்கும் சொல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு பண்டிகைக் காலத்தில் தெரியும். அடுத்ததாக, சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்குங்கள். ஒரே பக்கம் கொண்ட தளமாக இருந்தாலும் போதும். எந்த ஊடகம் போனாலும் அந்த முகவரி உங்களுடையது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது கடைப் பெயரை வணிகச்சின்னமாகப் பதிவு செய்வது. சமூக ஊடகத்தில் பெயர் பரவப் பரவ, அதே பெயரில் கணக்குத் தொடங்குபவர்களும் பெருகுவார்கள். தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறு நிறுவனம் ஆகியோர் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகைப்பாட்டுக்கு (சரக்கு அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாயும், ஏனையோர் 9,000 ரூபாயும் கட்ட வேண்டும். சிறு நிறுவனம் என்று காட்ட, ஒன்றிய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் உதவும். அதைப் பெறக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் வணிகச்சின்ன இதழில் வெளியான பின் மற்றவர்கள் மறுப்புத் தெரிவிக்க நான்கு மாத அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவு முடியும் முன்பே பெயருக்கு அருகில் வட்டமிட்ட ஆர் குறியைப் போட்டுக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெயர்ப்பலகை எழுதுபவர் அழகுக்காக அதைச் சேர்த்துவிடுவது உண்டு. கூடவே, நீங்கள் பயன்படுத்தாத தளங்களிலும் கடைப் பெயரில் ஒரு கணக்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம் ஃபாலோயர்களைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– பேக்கரி உரிமையாளர், நாகர்கோவில்

வேண்டாம். அது தளங்களின் விதிகளுக்கு எதிரானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பதிவுக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பொறுத்தே அதை மேலும் பலருக்குக் காட்டுவதா என்று தளம் முடிவு செய்கிறது. விலைக்கு வாங்கியவர்கள் உங்கள் கேக்கைப் பார்த்து விரும்பவும் மாட்டார்கள், கருத்திடவும் மாட்டார்கள். அதனால் உண்மையான வாடிக்கையாளருக்கும் அது போய்ச் சேராமல் போகும். அதே தொகையில் உங்கள் கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி ஒரு விளம்பரம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: புதிய புடவையின் படத்தை இணையத்தில் போட்டால் சில வாரங்களில் அதே வடிவம் விசைத்தறியில், மலிவு நூலில் வந்துவிடுகிறது. இந்த நிலையில் எங்களைப் போன்றவர்கள் சமூக ஊடகத்துக்கு வருவது தற்கொலை ஆகாதா?
– கைத்தறிப் பட்டு உற்பத்தியாளர், காஞ்சிபுரம்

வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். சமூக ஊடகத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

முதலில் சட்டம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்து 10 ஆண்டுகளுக்கு உரிமை பெறலாம், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியான வடிவத்தைப் புதியது என்று பதிய முடியாது. இன்ஸ்டாகிராமில் நீங்களே போட்ட படம் உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும். எனவே வரிசை முக்கியம்: முதலில் விண்ணப்பம், அதன் பிறகே படம். அன்னம், மயில், ருத்திராட்சம், கோபுரக் கரை போன்று வழிவழியாக வருபவற்றை யாரும் தமதென்று பதிய முடியாது. முற்றிலும் புதிதாக நீங்கள் அமைத்த வடிவத்துக்கே இது பொருந்தும். இது தவிர, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட தன்மைகள் கொண்ட சேலை உள்ளிட்ட 11 வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்வது தடை செய்யப்பட்டுள்ளது. அந்தத் தடை எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டம் தாமதமாகத்தான் வரும் என்பதால், எதைக் காட்டுவது என்பதிலேயே உங்கள் பாதுகாப்பைத் தேடுங்கள். வடிவத்தை நகல் எடுக்கலாம். தறியில் நடக்கும் வேலையை நகல் எடுப்பது கடினம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும்போது, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாக்கள் மூன்றை ஓட்டி, ஒருபுறம் உதவியாளர் அமர்ந்து கை கொடுக்க, இழையோடு இழை பிணைத்து நெய்யும் கோர்வை முறையை நீங்கள் நிமிடக் கணக்கில் காட்டலாம். முந்தியின் பாவை, அதாவது நீள இழைகளை, உடலின் பாவோடு இணைக்கும் பெட்னி வேலையைக் காட்டலாம். விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. முழுப் புடவையை விரித்துப் போட்ட படங்களை, விற்று முடிந்தவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுப் புடவைகளுடன் அவற்றை நெய்தவரின் படமும் விவரமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றது. வாங்கியவர் வீட்டுக்குப் புடவையோடு நெசவாளரின் முகமும் போனது. அந்த முறையை உங்கள் பக்கத்திலும் கையாளலாம். நெசவாளரின் சம்மதத்தைக் கேட்டு, அவருக்கு உரிய கூலி கொடுத்த பிறகு. அசல் பட்டு என்பதைக் காட்டும் பட்டு முத்திரை, புவிசார் குறியீடு ஆகியவற்றை எப்படிச் சரிபார்ப்பது என்று வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுக்கும் பதிவுகளையும் போடுங்கள். போலியை அடையாளம் காணத் தெரிந்தவரே உங்களுக்கு நிலையான வாடிக்கையாளராக இருப்பார்.

கேள்வி: எங்கள் உணவகச் சாம்பாரில் பூச்சி கிடந்ததாக ஒருவர் காணொளி வெளியிட்டுவிட்டார். கடைக்கே வராதவர்கள்கூடக் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். எல்லாக் கணக்குகளையும் மூடிவிடலாமா?
– சைவ உணவக உரிமையாளர், திருச்சி

மூடாதீர்கள். நீங்கள் நிர்வகித்தாலும் நிர்வகிக்காவிட்டாலும் கூகுள் வரைபடத்தில் உங்கள் உணவகம் இருக்கும், அதன்கீழ் மற்றவர்கள் எழுதிக்கொண்டும் இருப்பார்கள். நீங்கள் வெளியேறினால் உங்கள் தரப்பு மட்டுமே அங்கிருந்து மறையும்.

காணொளி வெளியான அன்றே, அந்த வேளையில் சமையலறையில் என்ன நடந்தது என்பதை நேரில் விசாரியுங்கள். பில்லையும் கேமரா பதிவையும் பாருங்கள். விசாரிக்கிறோம், இந்த நாளுக்குள் பதில் சொல்கிறோம் என்று சுருக்கமாக ஒரு பதிவு போடுங்கள். சொன்ன நாளில் சொல்லுங்கள். தவறு உங்களுடையது என்றால் அதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள். 2003ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டுகளில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தபோது சமூக ஊடகம் இல்லை. ஆனாலும் செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் அமிதாப் பச்சனை விளம்பரத்துக்கு அழைத்தது. அதனுடன் சாக்லேட்டின் உறையையும் காற்றுப் புகாதபடி மாற்றியது. உறையை மாற்றாமல் நடிகரை மட்டும் அழைத்திருந்தால் அந்த விளம்பரமே கேலிக்கு உள்ளாகியிருக்கும்.

புகார் பொய் என்று உங்களிடம் சான்று இருந்தால் அதை வெளியிடுங்கள். புகார் சொன்னவரின் சொந்த விவரங்களை வெளியிடாதீர்கள், அவரோடு பொதுவில் வாதாடவும் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் கடைசி வழி. கடைக்கு வராதவர்கள் எழுதிய விமர்சனங்களைக் கூகுளிடம் புகார் செய்யலாம்; நீக்குவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, உங்களால் நீக்க முடியாது. எதிர்வினையாக ஊழியர்களையும் உறவினர்களையும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய விமர்சனங்களுக்கென வெளியிட்ட தரநிலை, விலைக்கு வாங்கிய விமர்சனங்களையும் அதற்கென ஆளமர்த்தி எழுதப்பட்டவற்றையும் ஏற்கக் கூடாது என்கிறது. அதைப் படிக்காதவருக்கும், ஒரே நாளில் இருபது பேர் ஒரே சொற்களில் சுவையைப் புகழ்ந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஒரு வணிகம் ஏன் நல்ல காலத்திலேயே சமூக ஊடகத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் அனுபவமே விளக்கம். காலையில் காய்கறி இறங்குவதையும் சமையலறை கழுவப்படுவதையும் இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவந்த வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருந்திருந்தால், காணொளியின்கீழ் உங்களுக்காகப் பேச அவர்களில் சிலராவது வந்திருப்பார்கள். நெருக்கடி வந்த பிறகு முதல் பதிவைப் போடுபவருக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. இப்போதாவது தொடங்குங்கள், அடுத்த புகாருக்கு உதவும்.

கேள்வி: யூடியூபில் புகழ் பெற்ற ஒருவர் இலவசமாகப் புடவைகள் வாங்கிக்கொண்டு எங்கள் கடையைப் பற்றிப் பேச முன்வந்துள்ளார். நடிகர்களின் படத்தை வைத்து மீம் போடவும் யோசனை உண்டு. சட்டச் சிக்கல் வருமா?
– ஜவுளிக்கடை மேலாளர், மதுரை

இலவசப் புடவையும் கைம்மாறுதான். ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமின்றி இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், தங்கும் வசதி என எதைப் பெற்றிருந்தாலும், அது விளம்பரம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. செயற்கைப் பட்டைப் பட்டு என்று அவர் சொல்லிவிட்டால் வாய் அவருடையது, பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

நடிகர் படத்தை விட்டுவிடுங்கள். தம் பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ரஜினிகாந்தின் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் ஏற்றுக்கொண்டது. திரைப்பாடல்களுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாடல்களையும் திறந்துவிடாததன் காரணம் அதுவே. முகம் வேண்டுமென்றால் உங்கள் முதலாளியையே நிற்க வையுங்கள். வசந்த் அன் கோ நிறுவனர் வசந்தகுமார் தம் கடை விளம்பரங்களில் தாமே சிரித்துக்கொண்டு நின்றார். நடிகரைவிட அந்த முகம் தமிழ்நாட்டு வீடுகளுக்கு நெருக்கமாக இருந்தது.

கேள்வி: நாங்கள் பம்புகளுக்கான உதிரிபாகங்களைத் தொழிற்சாலைகளுக்குச் செய்து தருகிறோம். பொதுமக்கள் எங்களிடம் எதுவும் வாங்கப்போவதில்லை. எங்களுக்கும் இது தேவையா?
– பட்டறை உரிமையாளர், கோவை

தேவை, ஆனால் வேறு வகையில். உங்களிடம் வாங்குபவர் ஒரு கொள்முதல் அதிகாரி. புதிய பட்டறைக்கு ஆர்டர் கொடுத்துப் பின்னால் சிக்கல் வந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எனவே விலைப்புள்ளி கேட்கும் முன் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கிறார். ரீல்ஸும் பாட்டும் அவருக்கு வேண்டியதில்லை. உங்களிடம் என்னென்ன இயந்திரங்கள் உள்ளன, எந்த அளவு நுணுக்கம் வரை வேலை செய்ய முடியும், தரச் சான்றுகள் எவை, மாதம் எவ்வளவு செய்ய முடியும் என்பவை லிங்க்ட்இன் பக்கத்திலும் உங்கள் தளத்திலும் தெளிவாக இருந்தால் போதும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் பாகத்தைப் படம் எடுத்துப் போடும் முன் அவர்களிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். வரைபடம் பின்னணியில் தெரிந்துவிட்டால் ஆர்டரே போகலாம்.

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றும் உங்கள் கடிதத்தின் இறுதியில் எழுதியிருக்கிறீர்கள். ஐடிஐ முடித்த இளைஞரும் சேரும் முன் கைபேசியில் உங்கள் பட்டறையைத் தேடுகிறார். பயிற்சி தருகிறீர்களா, தங்குமிடம் உண்டா, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பவற்றுக்கு அங்கே பதில் இருக்கட்டும். இந்தப் பதிவுகளை மட்டும் தமிழில் எழுதுங்கள்.